அலமாரிக்குள் சோயா

பிப்ரவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் அறைக் கதவை விடுதிக் காப்பாளர் தட்டியபோது சோயாவுக்குப் பதினோரு வாரம். அப்படி ஒரு குழந்தை அந்தக் கட்டடத்தில் இருப்பதாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1964ஆம் வருடம். இவானோவோவில் ஒரு நெசவாலையின் பெண்கள் விடுதி. தனியாக இருக்கும் பெண்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். எங்கள் அறை மூன்றாம் மாடியில். நான்கு கட்டில்கள், மூன்று பேர். நான் ரிம்மா, அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தய்சியா என் தோழி, என்னைவிட ஒரு வயது இளையவள். மூன்றாவது ஆள் ஃபைனா அக்கா. பத்தொன்பது வயதில் போர்முனையிலிருந்து வந்த ஒரு துண்டுக் காகிதத்தால் விதவையானவள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

குழந்தை தய்சியாவுடையது. யாரால் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய வருட வசந்தத்தில் என் அம்மா படுக்கையில் விழுந்தாள். நான் ஆறு மாதம் ஊரில் இருந்து, அவளைப் புதைத்துவிட்டு செப்டம்பரில் திரும்பினேன். தய்சியாவின் மேலங்கி அதற்குள் இறுக்கமாகியிருந்தது. கேட்டேன். "ஆளு யாருன்னு மட்டும் கேக்காத. மத்ததெல்லாம் கேளு," என்றாள். நான் கேட்கவில்லை.

பிரசவத்துக்குத் தன் அம்மாவிடம் போனாள். பிறந்தபின் அம்மா ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு, ஊரில் தலைகாட்ட முடியவில்லை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். ஜனவரிப் பனியில், ஒரு ரஜாய்ப் போர்வை மூட்டையைச் சுமந்துகொண்டு தய்சியா விடுதிக்குத் திரும்பினாள். மூட்டைக்குள் சோயா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கலாம்தான். சேர்த்தால் மறுநாளே விடுதிக்குத் தெரியும். கட்டில் போகும். கட்டில் போனால் நகரத்தில் வசிக்கும் அனுமதிப் பதிவு போகும், அது போனால் வேலை போகும். அதனால் நாங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு ஷிப்டுகளை மாற்றி மாற்றி வாங்கினோம், யாராவது ஒருவர் அறையில் இருக்கும்படி. மாடி முழுக்கப் பெண்களுக்குத் தெரியும். காப்பாளர் கபிடோலினா இவானோவ்னா படியேறினால், கீழ்மாடிப் பெண் ஒருத்தி வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் குழாய் வழியாக எங்கள் அறைக்கு வந்துவிடும்.

அதே நாட்களில் எனக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. நவம்பரில் வாதிம் எனக்கு அறிமுகமானான். தறி பழுதுபார்க்கும் பிரிவில் மேஸ்திரி, தொழிற்சங்கக் குழு உறுப்பினர், மாலையில் பொறியியல் படிப்பு. ஆலை மன்றத்தில் நடனத்தின்போது என் காலை மிதித்துவிட்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். அம்மா போனபிறகு நான் சிரித்தது அன்றுதான். தினமும் அவனைப் பற்றி தய்சியாவிடம் சொல்லுவேன். எங்கே போனோம், என்ன பேசினான், எப்படிக் கையைப் பிடித்தான் என்று. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்பாள். "ம்" என்பாள். களைப்பு என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குழாய் தட்டப்படவில்லை. அவர்கள் பின்படி வழியாக வந்துவிட்டார்கள்.

ஃபைனா அக்கா ஆலையில் இருந்தாள். தய்சியாவும் நானும் அறையில். சோயா பால் குடித்து முடித்து அரைத்தூக்கத்தில் இருந்தாள். தட்டும் சத்தம் கேட்டதும் தய்சியா துணி அலமாரியைத் திறந்தாள், கீழ்த்தட்டில் ரஜாய்மேல் குழந்தையைக் கிடத்தினாள், ஒரு விரற்கடை இடம் விட்டுச் சாத்தினாள். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

கபிடோலினா இவானோவ்னா, அவளுக்குப் பின்னால், தொழிற்சங்கக் குழு சார்பில், கையில் ஒரு நோட்டுடன் வாதிம். எனக்கு உயிர் திரும்பி வந்தது. நம்ம ஆள், பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"நாலாவது கட்டிலுக்குப் புதுசா ஒரு பொண்ணு வருது. அறையைப் பாக்கணும்," என்றாள் காப்பாளர். மூக்கை உறிஞ்சினாள். "என்ன இது, பால் வாசனை?"

"ரவைக் கஞ்சி காய்ச்சினோம்," என்றேன்.

"எதுல காய்ச்சினீங்க? மின்அடுப்பு வெச்சிருக்கீங்களா? வச்சிருப்பீங்க. எல்லா அறையிலயும் அலமாரிக்குள்ளதான் ஒளிச்சு வைக்கிறாளுங்க. வாதிம், அதைத் திறந்து பாருங்க."

வாதிம் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அலமாரிப் பக்கம் போனான். தய்சியா அதன் அருகில் நின்றிருந்தாள். அவள் நகரவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றான், அவளைப் பார்க்காமல்.

அவள் தள்ளி நின்றாள். அவன் கதவைத் திறந்து குனிந்தான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. குனிந்த முதுகு அப்படியே நின்றுவிட்டது. பிறகு தலையை மட்டும் திருப்பி தய்சியாவைப் பார்த்தான். தெரியாதவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அவன் உதடு வெளுத்திருந்தது. தய்சியா அவனைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"துணிதான்," என்றான் வாதிம். கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. நான் மேசைமேலிருந்த கெண்டி மூடியைத் தரையில் தள்ளிவிட்டேன்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் காப்பாளர்.

"ராத்திரி ஷிப்டு பார்த்த களைப்பு," என்றேன். அவர்கள் போனார்கள்.

தய்சியா குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"ஏன்டி சொல்லல?" என்றேன் கடைசியில். "மூணு மாசமா அவனைப் பத்தி உங்கிட்டயே வந்து சொல்லிட்டிருந்தேனே. நீ கேட்டுட்டிருந்தியே."

"நீ சிரிச்சிட்டிருந்த ரிம்மா. உங்கம்மா போனதுக்கப்புறம் நீ சாப்பிடவே இல்ல. அவன் வந்தப்புறம் சாப்பிட்ட. எப்படிச் சொல்லச் சொல்ற?"

"அவனுக்குத் தெரியுமா?"

"கர்ப்பம்னு சொன்னேன். 'ஆக வேண்டியதைப் பண்ணிக்கோ'ன்னான். கலைச்சிட்டேன்னு நெனச்சிருப்பான்." குழந்தையின் முதுகைத் தட்டினாள். "எங்கிட்டதான் அப்படி இருந்தானோ என்னமோ. உங்கிட்ட வேற மாதிரி இருக்கலாம்ல."

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. அவன் மேல் வந்திருக்க வேண்டியது.

மறுநாள் மதியம், உவோத் ஆற்றுப் பாலத்தருகே வாதிம் எனக்காகக் காத்திருந்தான். இரவெல்லாம் தூங்காதவன்போல் இருந்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது ரிம்மா. பொறந்துடுச்சுன்னு தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல?"

"உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன். ஆனா திரும்பவும் சொல்ல முடியாது. திங்கக்கிழமை புதுப் பொண்ணு உங்க அறைக்கு வந்துடுவா, விஷயம் வெளிய வந்துடும். அப்ப, சோதனை போட்டது யாருன்னு கேப்பாங்க. கட்சி உறுப்பினர் மனு இப்பதான் போயிருக்கு." என் இரண்டு கைகளையும் பிடித்தான். "சிசு இல்லம்னு ஒண்ணு இருக்கு. அரசாங்கமே வளக்கும். தய்சியா பின்னால வேணும்னா எடுத்துக்கலாம். நான் ஆளுங்கள வெச்சு ஏற்பாடு பண்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவகிட்ட நீ பேசு. நீ சொன்னாக் கேப்பா."

"அப்புறம்?"

"மே மாசம் புதுக் கட்டடத்துல எனக்கு அறை வருது. பால்கனியோட. நாம ரெண்டு பேரும் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்."

அந்த இடத்திலேயே கையை உதறிவிட்டு வந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உதறவில்லை. கையுறை வழியாக அவன் கைச்சூடு தெரிந்தது. பால்கனியில் நான் துணி உலர்த்துவதுபோல் ஒரு காட்சி மனதில் வந்தது. "யோசிக்கறேன்," என்றேன்.

இரண்டு நாள் யோசித்தேன். தய்சியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், பால்புட்டியைக் கொதிக்கவைத்தேன், அணையாடையை மாற்றினேன். சோயாவின் காது மடல் அவன் காதுபோலவே வெளியே மடங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. சிசு இல்லத்தில் இந்தக் காதை யார் கவனிப்பார்கள் என்று தோன்றியது. அதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி பால்கனியை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தால், தய்சியா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஃபைனா அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலுறை தைத்தபடி அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"விளாதிமிர் நகரத்துல சித்தி இருக்காங்க."

"செத்துப்போன சித்தி," என்றாள் ஃபைனா அக்கா நூலைப் பல்லால் கடித்து. "போன வருஷம் இவளே அழுதுகிட்டு கருமாதிக்குப் போய்ட்டு வந்தா. கேளு."

தய்சியா நிமிரவில்லை. "நீ அவனைக் கட்டிக்கோ ரிம்மா. நான் இங்க இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் கஷ்டம். நான் பேரைச் சொல்லமாட்டேன்னு அவங்கிட்ட சொல்லிடு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். குழந்தை வீறிட்டது. "பெரிய தியாகி," என்று கத்தினேன். "மைனஸ் பதினஞ்சு டிகிரி குளிர்ல எந்த சித்தி வீட்டுக்கு? அவன் சோயாவைச் சிசு இல்லத்துல போடச் சொல்றான்டி. ரெண்டு நாளா வாய்க்குள்ள வெச்சிட்டிருக்கேன்."

ஃபைனா அக்கா ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திவைத்தாள்.

"அப்ப அவன் சொல்றதுக்கு முன்னால நாமளே போய்ச் சொல்லிடுவோம்," என்றாள். "நாளைக்கு ஆலை இயக்குநர் மனு வாங்கற நாள்."

சனிக்கிழமை, ஆலை அலுவலகத்தில், இயக்குநர் ஆர்செனி பாவ்லோவிச் அறைக்குள் மூன்று பேரும் குழந்தையோடு நுழைந்தோம். தாழ்வாரத்தில் எங்கள் மாடிப் பெண்கள் பதினோரு பேர் நின்றார்கள். இயக்குநர் பக்கத்தில் கபிடோலினா இவானோவ்னா. மேசையின் ஓரத்தில் குறிப்பு எழுத, குழுவின் சார்பில், வாதிம். அவன் அங்கே இருப்பான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்களைப் பார்த்ததும் நோட்டின்மேல் குனிந்துகொண்டான்.

தய்சியா எல்லாவற்றையும் சொன்னாள். ஜனவரியில் கொண்டுவந்தேன், ஒளித்துவைத்தேன், இவர்கள் எனக்காகச் செய்தார்கள், அறை வேண்டும், எவ்வளவு சின்னதானாலும் சரி.

"என் விடுதியில ஏழு வாரமா," என்றாள் காப்பாளர். "என் கண்ணு முன்னால."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தைக்கு அப்பா யாரு? நம்ம ஆலையா?"

வாதிமின் பேனா நின்றது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது அவன் பெயர். தய்சியா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதியும்படி.

"பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் இடத்துல கோடு போட்டிருக்காங்க," என்றாள். "கல்யாணம் ஆகலன்னா சட்டம் அப்படித்தான் போடச் சொல்லுது. நானும் அதையேதான் சொல்றேன்."

"செவ்வாய்க்கிழமைதான் இவங்க அறையைச் சோதனை போட்டோம்," என்றாள் கபிடோலினா இவானோவ்னா மெதுவாக. "அலமாரியைத் திறந்து பாத்தாரே இவர்." அவள் வாதிமைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது சிவந்துகொண்டே போனது. அவள் குழந்தையின் காதையும் பார்த்தாளோ என்னவோ, அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

"விதியை மீறினவங்களுக்கு அறை குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வருவாங்க," என்றார் இயக்குநர். "நாப்பது குடும்பம் வரிசையில இருக்கு."

ஃபைனா அக்கா இப்போது ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஆர்செனி பாவ்லோவிச், எங்க மூணு பேருகிட்ட எழுபத்திரண்டு தறி இருக்கு. வெளிய நிக்கறாளுங்களே, அவளுங்க தறியையும் சேத்துக்கோங்க. இந்தப் புள்ளை தெருவுல நின்னா நாங்களும் அது கூட தெருவுல நிப்போம். ஒரு ஷிப்டோ ரெண்டு ஷிப்டோ."

அப்படி யாரும் அந்த அறையில் பேசியதில்லை. வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர் வைப்பார்கள், யார் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் முகம் வெளுத்தது. கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். சோயா கொட்டாவி விட்டாள்.

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கல," என்றார் அவர். "வாதிம், அதை எழுத வேண்டாம்."

மூன்று பேருக்கும் எழுத்துமூலக் கண்டனம் கிடைத்தது. தய்சியாவுக்கு ரயில் பாதைக்கு அப்பால், மரக் குடியிருப்பில் ஒன்பது சதுர மீட்டர் அறை. தண்ணீருக்கு முற்றத்துக் குழாய்.

தாழ்வாரத்தில் வாதிம் என்னைத் தடுத்தான். "நன்றி ரிம்மா. நீங்க யாரும் பேரைச் சொல்லாம இருந்ததுக்கு."

"உனக்காக வாயை மூடல," என்றேன். "அவ பொண்ணுக்கு உன் பேரு வேணாம்னு நெனச்சா. அவ்வளவுதான்." குரல் உடையாமல் சொல்லிவிட்டேன். அன்று மாலை ஷிப்டில் மூன்று நூல் அறுந்தது எனக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் வந்து தறியை நிறுத்தினார்.

மே மாதம் அவன் அந்தப் பால்கனி அறைக்குப் போனான். அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான்.

நான் தய்சியாவோடு அந்த ஒன்பது மீட்டரில் குடியேறினேன். அது ஒன்றும் இனிப்பான காலமில்லை. தொட்டிலை எங்கே போடுவது, விறகை யார் வாங்கவில்லை என்று சண்டை போடுவோம். சில நாள் அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது எனக்கு. அவளால்தான் எனக்கு எல்லாம் போனதுபோல் இருக்கும். மறுகணம் வெட்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவன் கேட்டதற்கு நான் மாட்டேன் என்று உடனே சொல்லவில்லை, இரண்டு நாள் யோசித்தேன், சரி என்று சொல்லிவிடக்கூட நினைத்தேன் என்று.

தய்சியா கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும். ரெண்டு நாளா நீ என் கண்ணப் பாக்கல. அதனாலதான் பெட்டி கட்டினேன்," என்றாள். பிறகு, "அந்த உப்பை இப்படித் தள்ளு," என்றாள்.

நான் உப்பைத் தள்ளினேன். சோயா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.