நாலு நிமிடம் முந்திய வெடி

துணி இன்னும் அசையவில்லை. நீட்டுக் கம்பின் நுனியில் கட்டிய பந்தத்தைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தபடி முஹைதீன் பள்ளிவாசல் மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே சுவர் மணிக்கூட்டின் முன்னால், பாங்கு சொல்லும் மோதினார் நுஃமான் லெப்பை நிற்பார். முள் இடத்துக்கு வந்ததும் மாடத்துக்கு வந்து வெள்ளைத் துணியை வீசுவார். முஹைதீன் கதினாவுக்கு நெருப்பு வைப்பான். மண்ணில் முக்கால்வாசி புதைத்த அந்த இரும்புக் குழாய் வெடிக்கிற சத்தத்துக்குத்தான் தெரு முழுவதும் நோன்பு திறக்கும். ஐந்து வருசமாக நோன்புக்கு இதுதான் நடைமுறை. அது புது ராசாவுக்கு முடிசூட்டிய வருசம், கார்த்திகை மாதம். மன்னார்த் தீவுக்கு மேலே மூன்று நாளாக மழை மப்பு விலகவில்லை. பொழுது எங்கே நிற்கிறதென்று வானத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. காதைத்தான் நம்பியிருந்தார்கள்.

அப்போது வெடித்தது.

முஹைதீன் முதலில் தன் கையைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான். வெடிமருந்தின் மேல் செங்கல் தூள் போட்டு அவன் இடித்து இறுக்கிய வாய் அப்படியே இருந்தது. சத்தம் வந்தது தெருப்பக்கமிருந்து, பள்ளியிலிருந்து மூன்றாவது வீட்டு வளவு. அந்த வளவுத் தென்னைகளிலிருந்து காகங்கள் ஒரேயடியாகக் கிளம்பிக் கடல் பக்கம் போயின. கதினாவின் சத்தம் வயிற்றில் இடிக்கும். இது காதைக் கிழித்துக்கொண்டு போன சத்தம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, பேரீச்சம்பழத்தை விரலில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை அதட்டியபடி இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது. தெரு முழுவதும் கோப்பைகள் கிணுங்கின. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள்.

மாடத்தில் துணி வீசப்பட்டபோது நாலு நிமிடம் போயிருந்தது. கம்பை நீட்டி அவன் நெருப்பு வைத்தான். குழாய் முழங்கியது. அதற்குப் பிறகு கோப்பைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாய்க்குள் போனதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் ஐம்பது வீடும் வாயை மூடிக்கொண்டு இருந்தன.

மஃரிபுக்கு வந்தவர்கள் தொழுகைக்கு முன்னமே அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நாலு நிமிசம் பொறுக்கேலாம பசிச்சதோ உனக்கு?” என்றான் வண்டில்காரன் ஒருவன்.

“எனக்குப் பசிச்சா நான் கஞ்சியைக் குடிப்பன். மருந்தையோ குடிக்கிறது?” என்றான் முஹைதீன். “முந்திக் கேட்டது என்ர வெடியில்லை. ஹாஜியார் வளவுப் பக்கம்.”

அதைச் சொன்னதும் வட்டம் கொஞ்சம் பெரிதானது. ஒருவன் செருப்பைத் தேடினான். இன்னொருவன் ஒழு எடுக்கத் தண்ணீர்ப் பக்கம் போனான்.

மூன்றாவது வளவு சாஹுல் ஹமீட் ஹாஜியாருடையது. பள்ளி நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர். மடுப் பக்கக் காட்டில் மான் சுடுவதற்கென்று அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் எடுத்த துவக்கு அந்தத் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு நோன்புக் கஞ்சியும் அவர் வீட்டு முறை. அவர்கள் முறை வரும் நாளில் கஞ்சிப் பானையை வேலைக்காரப் பிள்ளை ஆமினா பள்ளியின் பின்மதில் வரைக்கும் தூக்கி வருவாள். முஹைதீன் மதிலுக்கு மேலாக எட்டி வாங்குவான். “மாமா, மெதுவா. போன முறை கஞ்சி கொட்டி உங்கட சாரம்தான் நோன்பு திறந்தது” என்பாள். முள்ளிக்குளத்திலிருந்து கொண்டுவந்து விட்ட பிள்ளை. உம்மா மௌத்து, வாப்பா கடலோடு போனவர். இந்த ஊரில் அவளுக்கென்று கதவைத் தட்ட ஒருவருமில்லை. அன்றைக்குப் பானை வரவில்லை. யாரோ தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரைச்சட்டிக் கஞ்சியை எல்லோரும் பகிர்ந்து குடித்தார்கள்.

ஹாஜியார் தொழுகை முடிகிற நேரத்தில்தான் வந்தார். குளித்திருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் போகும்வரை இருந்துவிட்டு முஹைதீனைக் கூப்பிட்டார்.

“உனக்கும் வயசு போகுது, முஹைதீன். கை நடுங்குதெண்டா முந்தியே சொல்லியிருக்கலாமே.”

“என்ர கை நடுங்கேல்லை, ஹாஜியார்.”

“ஒருக்கா வெடிச்சுப் போட்டாய். பிழையெண்டு விளங்கினதும் நேரத்துக்கு இன்னொருக்கா வெடிச்சாய். மனிசன்தானே. சனம் ஒரு நோன்பைப் பிறகு பிடிச்சுக் கழாச் செய்யும், மறந்து போகும்.” எழும்பித் தோள் துண்டை உதறினார். “அந்தப் பிள்ளை ஆமினாவும் ஊருக்குப் போட்டாள். மாமிக்குச் சுகமில்லையெண்டு வண்டில் வந்தது. நோன்பு திறக்கிற நேரம் ஏறிப் போட்டாள்.”

ஆமினாவைப் பற்றி முஹைதீன் கேட்கவேயில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் எந்த வண்டில் புறப்படும்? தெருவில் இருந்தவை இரண்டு வண்டில்கள். இரண்டும் பள்ளி வாசலில் மாடு அவிழ்த்துக் கிடந்தன, வண்டில்காரர் இரண்டு பேரும் அவனோடுதான் கஞ்சி குடித்தார்கள். வெளியூர் வண்டிலென்றாலும் அந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் வாசலில் ஆளை ஏற்றிக்கொண்டு போக விடுவார்களா, ஒரு பேரீச்சம்பழமாவது கொடுக்காமல்?

மனைவி கைருன்னிசா முகம் கொடுக்கவில்லை. “நீங்க வெடிச்சதெண்டுதான் நான் வாய் திறந்தனான்” என்றாள்.

“நான் வெடிக்கேல்லை.”

“தெரியும்.” அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். “உங்கட வெடியெண்டா பாவம் உங்கட தலையில. இன்னொருத்தன்ர துவக்கெண்டா எங்கட அவசரம் எங்கட தலையில. சனம் எதைக் கேக்க விரும்பும்? பேசாம இருங்கோவன்.”

“அந்தப் பிள்ளை?”

அவள் சாம்பலில் நெருப்பு இல்லாமல் போன பிறகும் கிளறினாள்.

விடிந்ததும், ஊர் முறைப்பாடுகளை அரசாங்கத்துக்கு எழுதும் விதானை அமிர்தநாயகம் வீட்டுக்குப் போனான். றெயில் பண்டகசாலையில் மூட்டை தூக்கும் வேலை அன்றைக்குப் போனால் போகட்டும் என்று விட்டான். விதானையார் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையின் முனையைத் துடைத்தார்.

“ரெண்டும் உம்மட வெடிதான் எண்டு ஹாஜியார் நேற்றே ஆளனுப்பிச் சொன்னவர்.”

“விதானையார், சூடான குழாய்க்குள்ள நாலு நிமிசத்தில திரும்ப மருந்து போட்டா முதல்ல போறது என்ர கை. இஞ்ச பாருங்கோ.” இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். மூட்டை தூக்கித் தூக்கித் தோல் மரத்துப்போன கைகள். பத்து விரலும் இருந்தன.

“எங்கட கோயில் பெருநாளுக்கு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தானே வெடிக்கினம்.”

“உங்களிட்டப் பத்துக் குழாய் இருக்கு. எங்களிட்ட ஒண்டுதான்.”

அமிர்தநாயகம் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் அதை அறியாதவர் இல்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. “ஒரு குழாய்தான் எண்டு எழுதினா, முதல் கேட்டது என்னெண்டும் எழுதோணும். அதை எழுதினா துவக்கு ஆருடையதெண்டு எழுதோணும். மோதினார் சாட்சி சொல்லுவரோ?”

வருகிற வழியில் முஹைதீன் நுஃமான் லெப்பையிடம் போய்க் கேட்டிருந்தான். லெப்பை ஒழு எடுக்கும் ஹவுதின் விளிம்பில் குந்தியிருந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “துணியை நான் ஒருக்கா வீசினனோ ரெண்டு தரம் வீசினனோ, எனக்கே இப்ப நிச்சயமில்லை, தம்பி.” முப்பது வருடமாக நேரம் பார்க்கிற மனிதர்.

“சொல்லமாட்டார்” என்றான்.

விதானையார் எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, பெருவிரலுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். முஹைதீன் தாளை எடுத்தான். மூட்டைகளின் மேல் எழுதிய கடைப் பெயர்களைக் கூட்டிக் கூட்டி நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன். ஒவ்வொரு சொல்லாக உதடு அசைய வாசித்தான். விதானையார் பொறுமையாக இருந்தார். வாசலில் கோழி ஒன்று இரண்டு தரம் வந்து போனது. வெடிச்சத்தம் கேட்ட நேரம் இருந்தது. திசை இருந்தது. ஒரு குழாய் என்பது இருந்தது. 

“ஆமினாவை எழுதேல்லை.”

“அவள் ஊருக்குப் போனதெண்டு சொல்லீனமே.”

“வண்டில் இல்லாமலோ? எழுதுங்கோ. ஆமினா, முள்ளிக்குளம். நேற்றுத் தொடக்கம் ஆளைக் காணேல்லை எண்டு.”

“ஆர் தேடுறதெண்டு போடுறது? தகப்பன் பேரோ, சகோதரன் பேரோ வேணும்.”

“என்ர பேரைப் போடுங்கோ.”

விதானையார் பெருமூச்சு விட்டார். கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. முஹைதீன் மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினான். கோணலாகத்தான் வந்தது.

“நாளைக்குக் காலமை இன்ஸ்பெக்டர் வந்து குழாயைப் பாப்பார்” என்றார் அமிர்தநாயகம். “இனி இது என்ர கையில இல்லை. உம்மட கையிலயும் இல்லை. வீட்டுக்கு நேர் வழியாப் போம்.”

அன்று பின்னேரம் மருந்து இடிக்கப் பள்ளியின் பின்வளவுக்குப் போனபோது முஹைதீன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுடைய குழாய்க்கு இரண்டு முழம் தள்ளி இன்னொரு குழாய் மண்ணில் புதைந்திருந்தது. அதே நீளம், அதே வாய், துருப்பிடித்தது. சுற்றிவர மண்ணை மிதித்து, அதன் மேல் பழைய சருகுகளைத் தூவியிருந்தார்கள். மழை ஒருதரம் பெய்தால் ஐந்து வருடமாக அங்கேயே இருந்தது போலாகிவிடும். அவன் குந்தி அதன் வாய்க்குள் விரலை விட்டான். விரல் கறுப்பாக வந்தது. மருந்து எரித்திருக்கிறார்கள், அதையும் மறக்கவில்லை. வாசனை மட்டும் புதிது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் எண்ணினால் இரண்டு வெடிக்கு இரண்டு குழாய்.

பிடுங்கலாமா என்று பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. தலை நிமிர்ந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் வீட்டு ஆள் ஒருவன் பல்லுக் குத்திக்கொண்டு நின்றான். முஹைதீன் பார்த்த பிறகும் போகவில்லை.

முஹைதீன் தன் குழாயை மட்டும் நிறைத்தான். சிரட்டையால் அளந்து மருந்து போட்டான், செங்கல் தூள் போட்டான், இடித்தான். ஒவ்வொரு இடிக்கும் மதிலுக்கு அப்பாலிருந்து அவனை எண்ணுவது போலிருந்தது. மப்பு இன்னும் கீழே இறங்கியிருந்தது. தெருவில் பிள்ளைகளின் சத்தம்கூட இல்லை. பந்தத்தைக் கொளுத்திக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தான். மாடத்தில் லெப்பை வந்தார். அவன் பக்கம் பார்க்காமல் துணியை ஒருதரம் வீசினார். பிறகு எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல் அதை மடித்துத் தோளில் போட்டார்.

கம்பை நீட்டினான். குழாய் முழங்கியது. காகங்கள் கிளம்பின.

கோப்பைச் சத்தம் கேட்கவில்லை. புகை கலைந்தது. லெப்பை பாங்கு சொல்லக் காதுக்கு உயர்த்திய கைகளோடு, வாய் திறக்காமல் மாடத்தில் நின்றார். அவன் பின்வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தான். ஐம்பது வீட்டுக் கதவுகளும் ஒருபாதி திறந்திருந்தன. ஒவ்வொன்றின் இருட்டிலும் ஆட்கள் நின்றார்கள், கையில் பேரீச்சம்பழத்தோடு, ஒருவரும் வாய்க்குக் கொண்டுபோகாமல், மூன்றாவது வளவின் பக்கம், நேற்றுக் கேட்ட சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி.