ஓசையில்லாத கட்டம்

“அந்த ஒரு வார்த்தைய எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்” என்று ஜாய்ஸிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரியவன் ஒன்றைச் சொன்னால் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை.

அவள் கேட்டாள்.

ஜாய்ஸ் என் தம்பி ஜெரோமின் மகள். படக்கதை வரைகிறவள். நான் முதலில் அதைச் சிறு பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் அவள் கொண்டுவந்து வைத்தது முந்நூறு பக்கம் தாண்டும் ஒரு கட்டு. அட்டையில் என் அப்பாவின் முகம். கீழே ‘சின்னராசு’ என்று அவர் பெயர்.

நான்கு பாகம். முதலாவது போர்: பர்மா எல்லையில், மழைக்காட்டில், ஒரு பட்டாளத்துச் சிப்பாயாக அப்பா. இரண்டாவது கல்கத்தா: சண்டை முடிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கே ஒரு ஓட்டலில் ஜாஸ் வாசிக்கிற கூட்டத்தில் சேர்ந்து டிரம்ஸ் அடிக்கிறார். மூன்றாவது ஊர் திரும்பும் பயணம்: படகு, புயல், சதுரங்கப்பட்டினத்து இடிந்த கோட்டைக்குள் பதுங்கல், கடைசியில் ஊர். நான்காவது பாகம் எனக்குப் புரியப் பல நாள் ஆயிற்று. இன்னும் இருநூறு வருடம் கழித்து, வழி தவறிய ஒரு விண்கலத்துக்கு எங்கிருந்தோ ஒரு பறைச் சத்தம் வந்து சேருகிறது. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே அவர்கள் பூமிக்குத் திரும்புகிறார்கள்.

நன்றாகத்தான் வரைந்திருந்தாள். அப்பாவின் நெற்றித் தழும்பைக்கூட விடவில்லை. குற்றம் இருந்தது மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில்.

அது முழுப் பக்கத்துக்கும் ஒரே கட்டம். திருப்போரூருக்கு மேற்கே எங்கள் ஊர். நிலக்காரர் வீட்டு வாசலில் பந்தல், அதன் கீழே பிணம். சுற்றிலும் கூட்டம். நடுவில் காக்கிச் சட்டையோடு அப்பா, இடுப்புக்கு மேலே பறை, ஓங்கிய கைகளில் குச்சிகள். வானம் முழுக்கக் கொட்டை எழுத்தில் ஒரு சொல்: டண்டணக்கா.

படக்கதையில் சத்தத்தையும் எழுத்தாக வரையத்தான் வேண்டும். குண்டு வெடித்தால் டமால். கதவு சாத்தினால் படார். எழுத்து எவ்வளவு பெரிதோ சத்தம் அவ்வளவு பெரிது என்று ஜாய்ஸ்தான் எனக்குச் சொன்னாள். அந்தப் பக்கத்து எழுத்து புத்தகத்திலேயே பெரிய எழுத்து.

அதை எடுக்கச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

“பெரிப்பா, அது நம்ம வாத்தியம். நம்ம சத்தம். அதுக்கு ஏன் வெக்கப்படணும்?”

நான் கட்டை மூடி அவள் பக்கமாகத் தள்ளினேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். நான்காம் பாகமே அந்தச் சத்தத்தின் மேல்தான் நிற்கிறது, அதை எடுத்தால் விண்கலத்துக்கு எதுவும் போய்ச் சேராது, ஆறு வருட வேலை அங்கேயே உட்கார்ந்துவிடும் என்றாள். உண்மையாக வாழ்ந்த மனிதரின் கதை என்பதால் குடும்பத்தில் மூத்தவரின் சம்மதம் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். “நீங்க சரின்னு சொல்லாம நான் அச்சுக்குக் குடுக்கமாட்டேன். ஆனா பொய்யா ஒரு காரணத்துக்கு அத எடுக்கவும் மாட்டேன்” என்றாள்.

என் ரத்தம்தான். அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்காமல் இல்லை.

அவள் எங்கே பிசகினாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஜெரோம் அவளிடம், “எங்கப்பா கடைசியா பறையெடுத்தது அந்தச் சாவுக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறான். அம்மா எங்களிடம் சொன்ன வாக்கியம் அது, எழுத்துப் பிசகாமல். எடுத்தார், உண்மை. எடுத்தது என்றால் அடித்தது என்று ஜாய்ஸ் நினைத்துக்கொண்டாள். பறையெடுத்தவன் அடிக்காமல் நிற்பான் என்று யாருக்குத் தோன்றும்? ஜெரோமுக்கும் தெரியாது. அப்பா ஊர் திரும்பிய பிறகு பிறந்தவன் அவன்; அன்றைக்கு அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை.

எனக்குத் தெரியும். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் அப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பறையோடு போனார். பிணத்தின் தலைமாட்டில் நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குச்சிகள் இரண்டையும் தரையில் வைத்தார். இனிமேல் சாவுக்கு என்னையோ என் பிள்ளைகளையோ கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பறையை அடிக்காததற்கு அவரை அடித்தார்கள். மறுநாள் காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு நடந்தோம்.

அதை வெளியே பேசக் கூடாது என்றாள் அம்மா. சொன்னால் ஒருத்தன் ஐயோ பாவம் என்பான், இன்னொருத்தன் பெருமையடிக்கிறான் என்பான், இரண்டும் நமக்கு வேண்டாம் என்றாள். பட்ட அடியைக் காட்டிப் பரிதாபம் வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு முறை. நான் ஸ்டேஷன் மாஸ்டராகி ஓய்வு பெற்ற பிறகும் அந்த முறையை மீறியதில்லை. அதனால் ஜாய்ஸிடம் வார்த்தையை எடு என்று மட்டும் சொன்னேன். அவள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் அவளுடைய படங்களைப் பெரிதாக வரைந்து வைக்கிற கண்காட்சி. கடற்கரையோரம் ஒரு பழைய வீட்டை ரமேஷ் என்ற பையன் படக்கூடமாக மாற்றிக் காப்பிக்கடையும் நடத்துகிறான். ரமேஷின் அப்பா ஜானகிராமன். அந்தப் பந்தலில் கிடந்த நிலக்காரரின் பேரன். இப்போது லாரிகளும் மனைகளும் வைத்திருக்கிறார். கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம். அவர் என்னை சார் என்பார். நான் அவரை ஜானகிராமன் என்பேன். அவருடைய தாத்தாவின் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அதனால்தான் பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில் நான் ஒருநாளும் தவறுவதில்லை.

இடம் யாருடையது என்று தெரிந்தபோது போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி ரெபேக்காள் விடவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றாள்.

போனோம். பலகை பலகையாகப் படங்கள். கூட்டம் இருந்தது. மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஒரு பலகை மட்டும் பழுப்புக் காகிதத்தால் மூடியிருந்தது. நான் சம்மதிக்காத பக்கம். ஜாய்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். ஆனால் கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து அந்தக் காகிதத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் ஒட்டு விட்டுப்போய், ஓங்கிய குச்சியின் நுனி தெரிந்தது. போகிறவர்கள் எல்லாம் அங்கே வந்ததும் நின்றார்கள். நான் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

ஜானகிராமன் மாலை போட்டுக்கொண்டு வந்தார். சிறப்பு விருந்தினர் அவர்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்து, சத்தமாகப் பாராட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா சார், இத மட்டும் மூடி வச்சிகிறீங்க? எதுனா சஸ்பென்ஸா?”

இன்னும் முடியவில்லை என்றேன். ஜாய்ஸ் ஓடிவந்து, அது வேண்டாம் அங்கிள், பெரியப்பா இன்னும் சரி சொல்லவில்லை என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, நம்ம ஊர்க் கதையை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது என்று காகிதத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

பந்தல், பிணம், அப்பா, வானம் நிறைய அந்தச் சொல்.

ஜானகிராமன் அதை எழுத்துக் கூட்டுவதுபோல் வாய்விட்டுப் படித்தார். பிறகு கண் கலங்க, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இது எங்க தாத்தா சாவு. நான் அப்போ சின்னப் பையன். அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல கேட்டுகினே கீது. இதோ, சாரோட அப்பாதான் அடிச்சாரு. அப்பிடி ஒரு அடிய நான் அப்புறம் கேட்டதே இல்ல. எங்க குடும்பத்து மேல அவருக்கு அவ்ளோ விசுவாசம்.”

சிலர் கைதட்டினார்கள். போன்கள் உயர்ந்தன. ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள். கேட்டவரே சாட்சி சொல்லிவிட்டார், இனி என்ன தடை என்று அந்தப் பார்வை கேட்டது. ரெபேக்காள் மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். “வாணாங்க” என்றாள் காதோரமாக.

சத்தம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். விசுவாசம் என்றார்.

“அடிக்கல” என்றேன்.

“இன்னா சார்?”

“எங்கப்பா அன்னிக்கு அடிக்கல. பறைய மாட்டிகினு வந்தாரு. உங்க தாத்தா தலைமாட்டுல நின்னாரு. குச்சிய கீழ வச்சிட்டு, இனிமே எங்கள கூப்புடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.”

கைதட்டல் நின்றது. ஜானகிராமன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கழுத்து சிவந்தது.

“ஏம்பா ஆனந்தா, எந்த எடத்துல இன்னா பேசுற நீ? நான் காதால கேட்டவன்.”

சார் போய்விட்டது. ரமேஷ் பதறிக்கொண்டு வந்து, “நைனா, வுடு” என்று அவர் தோளைத் தொட்டான். அவர் கையைத் தட்டிவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். நான் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“கேட்டிருப்பீங்க ஜானகிராமன். மறுநாள் நாங்க மூட்டைய தூக்கிகினு ஊர வுட்டுப் போனப்போ, ஏரிக்கரை வரைக்கும் பசங்க கூட்டமா கத்திகினே பின்னால வந்தீங்க. நீங்கதான் முன்னால. அந்தச் சத்தம் உங்க வாயில வந்தது.”

கீழே விழுந்த பழுப்புக் காகிதம் மட்டும் தரையில் புரண்டது.

அவர் மறுத்திருக்கலாம். வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் என்னை விட்டுப் பலகைக்குப் போனது. அந்த எழுத்துகளின்மேல் நின்றது. உதடு மெல்ல அசைந்தது, அந்தத் தாளத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல. பாதியில் நின்றுவிட்டது.

“ஏரிக்கரை…” என்றார். மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ரமேஷ் வாசலில் நின்று அப்பா போன திசையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜாய்ஸ் என்னிடம் வந்தாள். கண்ணில் நீர் இருந்தாலும் குரல் திடமாகத்தான் இருந்தது.

“ஏன் பெரிப்பா என்னாண்ட சொல்லல?”

“ஏன் வெக்கப்படணும்னு கேட்ட. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல.”

அவள் தலையைக் குனிந்தாள். பிறகு தன் பையிலிருந்து வெள்ளைச் சாயமும் கறுப்பு மையும் தூரிகையும் எடுத்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, வானத்திலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அப்பாவின் ஓங்கிய கைகளை அழித்துக் கீழே தொங்கவிட்டாள். பிணத்தின் தலைமாட்டில், தரையில், இரண்டு குச்சிகளை வரைந்தாள். அந்தக் கட்டத்தில் இப்போது ஒரு எழுத்தும் இல்லை. அப்பா நிமிர்ந்து நின்றார். படத்துக்குள் இருந்த கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பந்தலில் அன்று இருந்த அமைதியை அதற்குப் பிறகு அங்கேதான் பார்த்தேன்.

“சரியா பெரிப்பா?”

“சரி. அச்சுக்குக் குடு.”

அவள் சிரிக்கவில்லை. தூரிகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான்காம் பாகத்துப் பலகைகளைப் பார்த்தாள். அங்கே விண்கலத்தில் இருப்பவர்கள் காதில் கருவியை வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள்.

“இங்க சத்தம் இல்லன்னா, அவுங்களுக்கு இன்னா போவும்?”

அவள் கையைப் பிடித்து இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப்போனேன். கல்கத்தா ஓட்டல். டிரம்பெட் ஊதுகிறவன் கன்னம் உப்பி நிற்கிறான். அவனுக்குப் பின்னால் அப்பா டிரம்ஸுக்கு நடுவே உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், அதே சொல்.

ஜாய்ஸ் அதையும் அழிக்கத் தூரிகையைத் தூக்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இத வுடு. இங்க அவுரு இஷ்டப்பட்டு அடிச்சாரு. இங்கேர்ந்து போவட்டும்.”

அவள் படத்தை அளவெடுப்பதுபோல் பார்த்தாள்.

“எழுத்து எவ்ளோ பெருசா வைக்கட்டும்?”

“பக்கம் முழுக்க” என்றேன்.