முன்னால் போன ஊர்வலம்

எங்கள் தெருவுக்கு சைக்கிள் பாதை கேட்டு ஒரு சைக்கிள் ஊர்வலம். ஜெர்மனியின் ப்ரேமன் நகரக் காவல்துறையில் அதைப் பதிவு செய்தவன் நான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். சனிக்கிழமை காலை, தூறலில், நானும் ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தோம். பாதுகாப்புக்கு இரண்டு போலீசாரும் காரில் வந்தார்கள்.

"மத்தவங்க எங்க தம்பி?" என்று கேட்டார் போலீஸ்கார அம்மா.

"வந்துட்டிருக்காங்க."

வெகுநேரம் காத்திருந்தோம். அவருடன் வந்தவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றினார். துக்க வீட்டில் கொடுப்பது போலக் கொடுத்தார்.

"ரெண்டு பேராவது இருந்தாத்தான் ஊர்வலம். ஒருத்தர்னா அது சும்மா சைக்கிள் ஓட்டுறது" என்றார் அந்த அம்மா.

"நீங்க ஒருத்தர் சேந்துக்கலாமே?"

"நாங்க டூட்டில இருக்கோம். அதோட எனக்கு கார்தான் பிடிக்கும்."

"ஊர்வலம்னா சிவப்பு விளக்குல நிக்காம போகலாம்னாங்க. அப்ப நான் நிக்கணுமா?"

"ஊர்ல எல்லாரும் நிக்கிற மாதிரி நில்லுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். நான் தனியே கிளம்பி, முதல் சிவப்பு விளக்கிலேயே நின்றேன். கூடையில் காய்கறியோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து சைக்கிளை நிறுத்தினாள். கேட்டால் வருவாள் போலிருந்தது. இன்னும் ஒரே ஒருவர் போதும்.

அவளே ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டாள். "ஏதாவது ஊர்வலமா?"

"ஆமா. சைக்கிள் பாதைக்காக."

"நல்ல விஷயம்." திரும்பிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. "உங்க ஆளுங்கல்லாம் முன்னாடி போயிட்டாங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப வேகமா மிதிங்க, பிடிச்சிடலாம்."

பச்சை விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் வேகமாக மிதித்தேன்.