பெண்கள் வகுப்பில் அண்ணன்

"என் பேனா எங்கடி?" என்று கூடத்திலிருந்து அண்ணன் கத்தினான்.

"உங்க சட்டைப் பையிலதான் இருக்கு. தொட்டுப் பாருங்க," என்றாள் அண்ணி, கொதிக்கும் சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சாயங்காலம் வந்ததும் இன்னைக்கு என்ன பாடம்னு நீயே கேட்டு வை. எங்கிட்ட சொன்னா பாதிய முழுங்கிடுவாரு," என்றாள். அண்டாவை வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சிறிய அளவில் உணவுத் தொழில் நடத்தும் பெண்களுக்குப் பத்து நாள் தொழில் பயிற்சி என்று அந்த ஆஸ்பத்திரிச் சுவரில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அண்ணி மூன்று தடவை படித்துவிட்டு விண்ணப்பத்தோடு வந்தாள். வீட்டில் என் கையெழுத்துதான் அழகு என்பதால் என்னை நிரப்பச் சொன்னாள். 'தொழில் உரிமையாளர்' என்ற கட்டம் வந்ததும் அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டான்:

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல."

"அப்புறம் என்ன?"

"வண்டிய தள்றது யாருன்னு அதுல ஒரு கட்டம் இல்லியா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள். இல்லை. அண்ணன் பெயரை அழகாக எழுதினேன். வெறும் காகிதம்தானே, வகுப்புக்கு அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் இருவரும் போனார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் குமாஸ்தா சொல்லிவிட்டார். உள்ளே இருபத்து நான்கு பெண்களும் அண்ணனும். அண்ணி வண்டிக்குத் திரும்பினாள்.

தினமும் சாயங்காலம் விசாரணை நடக்கும்.

"இன்னைக்கு என்னங்க சொன்னாங்க?"

"கைய கழுவணுமாம்."

"அதுக்கு ஒரு நாளா?"

"நல்லா கழுவணுமாம்."

ஒரு நாள், வாடிக்கையாளரிடம் சிரித்த முகமாகப் பேச வேண்டும் என்பதை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னான். அண்ணி விடவில்லை. அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்று கறந்தே டப்பாக்களுக்கெல்லாம் தேதிச் சீட்டு ஒட்டினாள், வண்டியைச் சாக்கடையிலிருந்து தள்ளி நிறுத்தினாள். "நான் தபால்ல படிக்கிறவ. தபால்காரர்தான் தூங்கி வழியறாரு," என்பாள். "அடுத்த வகுப்புக்கு என் பேரை எழுதிடு, என்ன?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன்.

பேனா தேடியது ஒன்பதாம் நாள். நடுப்பகலில் வரிசையில் நின்றவருக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஆஸ்பத்திரி பத்தடி தூரம். உள்ளே தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. வகுப்பிலிருந்து அழைத்து வரப்பட்ட அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான். அன்றைய பாடம் என்னவென்று நான் கேட்கவில்லை.

மறுமாதம் சான்றிதழ் தபாலில் வந்தது. பெண்களுக்கானது என்பதால் 'திருமதி' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், குண்டு எழுத்தில், அண்ணன் பெயர்.

"மாப்பிள்ள யாருண்ணே?" என்று அதைப் பார்த்துக் கேட்டுவிட்ட எதிர்க்கடைத் தையல்காரர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி 'மதி'யை மறைத்தான். மதி போய், திரு மட்டும் மிஞ்சியது. அதைச் சட்டம் போட்டு வண்டியில் மாட்டினான். இப்போது வண்டியைத் தள்ளுகிறவள் நான். சூப் குடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து அண்ணனைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் பயிற்சி அலுவலகத்துக்குப் போனேன்.

"இதுல எங்க அண்ணி பேரு இருக்கணும். மாத்திக் குடுங்க."

"அவங்க வகுப்புக்கு வந்தாங்களா?" என்றார் குமாஸ்தா.

"வந்தாங்க. நீங்கதான் வாசல்லயே திருப்பி அனுப்பினீங்க."

பதிவேட்டைப் புரட்டினார். "சரி, அவங்கள வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"செத்துட்டாங்க."

"அடடா. அப்ப முடியாதேம்மா."

"அண்ணனுக்கு முன்னால இருக்கிற திருமதியயாவது எடுங்க."

"அது எப்படிம்மா? பெண்கள் திட்டமாச்சே! திருமதி இல்லாம பதிவே ஏறாது."

அடுத்த வகுப்புக்கு ஒரு விண்ணப்பம் கேட்டு வாங்கினேன். உரிமையாளர் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று. குமாஸ்தா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் அண்ணியின் பெயர் அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அண்ணன் அதில் இன்றும் திருமதிதான்.