அறுபது சட்டையும் ஒரு சந்தாவும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால், சொல்கிற நாக்கில் எம்ப்ராய்டரி போட்டுக்கொள்ளலாம்.

ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் எம்ப்ராய்டரி மெஷின் நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் 'சந்தா கட்டவும்' என்று மட்டும் இருந்தது. ஒரு பெரிய ஆபீஸ் வாட்ச்மேன்களுக்கான அறுபது சட்டைகள். சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்துச் சாயங்காலத்துக்குள் தர வேண்டும். தவறினால் ஆர்டர் எதிர்க்கடைக்கு. அதோடு இந்தக் கடைக்குப் பூட்டு.

மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரை விற்றவர்களுக்குத் தையல்காரம்மா ஃபோன் போட்டாள்.

"பழைய வெர்ஷனை நிறுத்திட்டோம் மேடம். இனிமே மாசச் சந்தா மட்டும்தான்."

"முழுப் பணமும் குடுத்துத்தானேப்பா வாங்கினேன்?"

"நீங்க வாங்கினது சாஃப்ட்வேரை இல்ல மேடம். அதைப் பயன்படுத்துற அனுமதியை."

"அப்ப நான் குடுத்ததும் பணம் இல்ல. பணத்தைப் பார்க்கிற அனுமதி. பார்த்தாச்சுல்ல, திருப்பிக் குடு."

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் குரல் கொடுத்தார்: "புருஷனை மாத்திக் குடுப்பானான்னு கேளு."

"அதுக்கும் மாசாமாசம் கட்டச் சொல்லுவான். நீங்க சட்டையைக் கருக்காம இருங்க."

ஃபோனை வைத்தவள், செருப்பைக் கழற்றி மெஷினை ஓர் அடி அடித்தாள். அது அலறிக்கொண்டு ஓடியது. ஆனால் அறுபது பையிலும் தைத்தது 'சந்தா கட்டவும்'. அவள் அப்படியே மடித்து அனுப்பினாள்.

அந்த ஆபீஸ், சாஃப்ட்வேர் விற்றவர்களுடையதேதான். மறுநாள் முதலாளியின் காரை வாட்ச்மேன் கைகாட்டி நிறுத்தினார்.

"இது என் கட்டடம்யா."

"நீங்க வாங்கினது உள்ள போற அனுமதிதான் சார். நேத்தோட முடிஞ்சுது. சட்டையிலேயே போட்டிருக்கு, படிங்க."

முதலாளி படித்தார், பல்லைக் கடித்தார், கட்டினார். அடுத்த வாரம் லிஃப்டுக்குத் தனிச் சந்தா வந்தது. அதற்கடுத்து மின்விசிறிக்கு. மாதக் கடைசியில் அவர் தரையில் சம்மணமிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடிப்படைத் திட்டத்தில் நாற்காலி சேராதாம்.

"இதெல்லாம் அநியாயம்யா."

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றார் வாட்ச்மேன்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அறுபது பையிலும் கம்பெனிப் பெயர்தான் இருந்தது. ஃபோனை வைக்கும் முன்பே தையல்காரம்மா ஒரு வருடச் சந்தாவைக் கட்டிவிட்டிருந்தாள்.