ஒரு தட்டு சுண்டல் மிச்சம்

சங்கரன்கோவில் மாலைநேரப் படிப்பு மையத்தில் அன்று முதல் வருகை எடுப்பது ஏஐ செயலியின் வேலை. பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, வரிசைக்கு ஒரு படம் எடுத்தால் போதும். முகம் பார்த்துப் பதிந்து, பெற்றோருக்கும் செய்தி அனுப்பிவிடும். கனகலட்சுமி டீச்சருக்கு அரைமணி நேரம் மிச்சமானது.

சுண்டல் கொடுக்கையில் ஒரு தட்டு மிஞ்சியது.

"ஏட்டி ஜுவைரியா, சுமையா எங்க?"

"பள்ளிக்கூடம் விட்டதும் வயித்த வலிக்குன்னா டீச்சர். வீட்டுக்குப் போயிருப்பா."

செயலியில் சுமையா பெயருக்கு நேரே வந்ததற்கான பச்சை. அவளோடு இரட்டையாய்ப் பிறந்த ஜுவைரியா விளையாட்டாக இரண்டு வரிசையிலும் ஓடி நின்றிருக்கிறாள். அது அவளையே இருவராகப் பதிந்துவிட்டது.

கனகலட்சுமி பிள்ளைகளின் தாய் மெஹர்பானுவுக்குப் போன் போட்டாள்.

"இங்கன வரலியே டீச்சர்! அங்கன வந்துட்டான்னு மெசேஜ் வந்துச்சே!"

மையப் பொறுப்பாளர் மகாராஜன், "கொஞ்சம் பொறும்மா, வந்துருவா" என்றார். கனகலட்சுமி பொறுக்கவில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கி, கத்திக் கத்திக் குரல் கம்மி உள்ளே கிடந்தாள் சுமையா. வாட்ச்மேன் கதவை உடைத்தார். பிள்ளையை அள்ளி அணைத்தபோது கனகலட்சுமிக்கும் அழுகை முட்டியது.

மறுநாள் வருகை எடுக்க மகாராஜன் தயங்கியபடி போனை நீட்டினார்.

"முதல்ல நான் எண்ணிக்கிடுதேன் அண்ணாச்சி," என்றாள். "பெறவு அது பதியட்டும்."