முப்பத்தேழாவது ஸ்லைடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்லைடிலிருந்து வந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டில் முப்பத்தேழாவது. அதைத் திரையில் காட்டியவள் நான். காட்டிவிட்டு பத்து நொடி தாமதமும் செய்தேன். அந்தப் பத்து நொடிதான் கதை. மீதியெல்லாம் என் கோபம்.

நான் கவுஸ் பாஷா அண்ணனின் சவுண்ட் சர்வீஸில் வேலை செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்றால் அண்ணனே போவார். ஹோட்டல் ஹாலில் கோட்டு போட்டவர்கள் கூட்டம் என்றால் என்னை அனுப்புவார். மைக் வைக்க வேண்டும், லேப்டாப்பில் ஸ்லைடு தள்ள வேண்டும். நடுவில் மேஜைக்கு அடியில் வைத்து மொழிபெயர்ப்பு நாவல் படிக்கலாம்.

"தென்றலு, ஸ்லைடு மட்டும் தள்ளு. அவங்க இன்னா பேசுனாலும் உனுக்குக் காது கேக்காது, புரியுதா?" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கேட்டுவிட்டது அண்ணா.

2

முதல் தொடக்கம்:

கவிநிலா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். காலை வெயிலில் மலை ஒரு

வேண்டாம். ஹாலில் எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டிருந்தது. புரொஜெக்டருக்காக நான்தான் இழுத்துவிட்டேன். திருவண்ணாமலையில் நடக்கும் கதை என்றால் யாராவது மலையைப் பார்த்து மனம் தெளிந்தாக வேண்டும். இதில் ஒருத்தரும் தெளியப் போவதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

சட்டம் என்பது

இதுவும் வேண்டாம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டியிருக்கிற ஒரு ஹோட்டலில், ஒரு திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள். ஒரே முதலாளியின் எண்ணெய் ஆலை, தீவன ஆலை, கிடங்கு என்று ஐந்தாறு கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், நோட்டீஸுக்குப் பதில் போடுகிறவர்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவர்கள் சட்டம் படித்தாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனிகளின் விதி. பேனரில் 'தொடர் சட்டக் கல்வி' என்று போட்டிருந்தது. நடத்தியவர் பரசுராமன். அத்தனை வக்கீல்களுக்கும் மேலதிகாரி, சென்னையிலிருந்து வந்தவர். படிப்பு முடிந்ததும் கிரிவலம் போகலாம் என்றுதான் திருவண்ணாமலையைப் பிடித்தார்கள்.

நாலாவது வரிசையில் கவிநிலா. முப்பத்தொரு வயது, போளூர் பக்கம். மூன்று வருடம் இங்கே கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டு வழக்காடியவள். கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் வக்கீல் தொழிலை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். கோட்டு வீட்டு பீரோவில் தொங்குகிறது.

(இந்தக் கோட்டை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அதில் கோட்டு தானே பீரோவைத் திறந்து, படி இறங்கி, கோர்ட்டுக்கு நடந்து போனது. நான் படிக்கிற நாவல்களில் அப்படி நடக்கும். கிழித்துப் போட்டேன். இந்தக் கதையில் எதுவும் தானாக எழுந்து நடக்காது. ஒரு மனுஷி எழுந்தால்தான் உண்டு.)

3

இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்குப் போய்த் தூங்குகிறவர்களைப் பிடிப்பதற்காக, ஒவ்வொரு வகுப்பின் நடுவிலும் திடீரென்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். அதைப் படிவத்தில் அந்த வகுப்புக்கான கட்டத்தில் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் அந்த மணி நேரம் படித்ததாக ஆகாது. முதல் வகுப்பின் சொல் 'கற்பூரம்'. இரண்டாவதற்கு 'தேர்'. ஊருக்கு வந்த மரியாதைக்குப் பரசுராமன் பொறுக்கி எடுத்தவை.

மூன்றாவது வகுப்பு, தொழில் நெறி.

"வெளிய பிராக்டீஸ் பண்ற வக்கீல்கிட்ட கட்சிக்காரர் பேசுறதுக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. நமக்கு? நாம சம்பளக்காரங்க. அந்தப் பாதுகாப்பு நமக்கு அப்படியே கிடைக்காது. நாம போடற மெயில் நாளைக்கே கோர்ட்டுல வந்து நிக்கும். அதனால?" என்றார் பரசுராமன்.

"எழுதக் கூடாது சார்," என்றது ஒரு குரல்.

"எழுதலாம். யோசிச்சு எழுதணும். இல்லையா, போன் பண்ணிடுங்க."

"போனும் ரெக்கார்டு ஆவுதே சார்?"

"அப்ப நேர்ல போய்க் காதுல சொல்லுங்க."

"பெரிய நந்தி காதுல சொல்ற மாதிரியா சார்?"

ஹாலே சிரித்தது. கவிநிலாவும் சிரித்தாள். அவளை நல்லவளாகக் காட்ட வேண்டுமென்றால் இதை விட்டுவிட வேண்டும். விட மாட்டேன். நானும்தான் சிரித்தேன்.

"இப்ப ஒரு உதாரணம் பாப்போம். எப்படி எழுதக் கூடாதுன்றதுக்கு. நெக்ஸ்ட்டு."

நான் தட்டினேன்.

4

திரையில் ஒரு மெயில் வந்தது.

மறைக்க வேண்டிய பெயர்களுக்கெல்லாம் கறுப்புக் கட்டம் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டங்களை மெயிலோடு ஒட்டி வைக்காமல், அடுத்த தட்டலுக்குப் பறந்து வந்து உட்காரும்படி அழகுக்காக அமைத்திருந்தார்கள். முதல் தட்டலுக்கு மெயில், இரண்டாம் தட்டலுக்குக் கறுப்பு. ஒன்றை மறைக்க இப்படியொரு வழி இவ்வளவு படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

நான் உடனே மறுபடி தட்டியிருக்க வேண்டும். எழுத்து கண்ணில் பட்டால் கடைசி வரி வரை படித்துவிடுகிற வியாதி எனக்கு. படித்தேன்.

மெயில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பில் எதுவும் தொலையவில்லை:

*அனுப்புவது கவிநிலா. பெறுபவர் பரசுராமன். மார்ச் 3. கீழ்பென்னாத்தூர் எண்ணெய் ஆலையில் இரண்டாம் எண் கன்வேயரில், சுழலும் திருகின் மேலுள்ள இரும்பு மூடியை, அடைப்பு எடுக்க வசதியாக இருக்கும் என்று நிர்வாகமே கழற்றி வைத்திருக்கிறது. அதில் வேலை செய்யும் முருகையன் மூன்று முறை மேஸ்திரியிடம் புகார் சொல்லியிருக்கிறார். நேற்று நானே போய்ப் பார்த்தேன். மூடியைப் போடும் வரை அந்த கன்வேயரை ஓட்டக் கூடாது. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.*

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. முருகையனின் வலது கை போனது மார்ச் பதினான்கு. எங்கள் ஊரில் அது தெரியாதவர்கள் கிடையாது. அவரே மூடியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார், குடித்திருந்தார் என்று கம்பெனி சொன்னதும் ஊருக்கே தெரியும். முருகையன் குடிக்க மாட்டார், அதுவும் தெரியும். பதினொரு நாள் முன்பே கம்பெனிக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"பாப்பா! நெக்ஸ்ட்டு! நெக்ஸ்ட்டு!"

தட்டினேன். கட்டங்கள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்து உட்கார்ந்தன. ஒன்று முருகையன் மேல். ஒன்று கீழ்பென்னாத்தூர் மேல். ஒன்று கவிநிலா மேல்.

"பாருங்க," என்றார் பரசுராமன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "பேரு, தேதி, இடம். 'நானே பார்த்தேன்'னு வேற. ஒரு வக்கீல் தன்னோட கம்பெனிக்கு இதைவிடக் கெடுதல் பண்ண முடியாது. சரி, இந்த வகுப்போட சொல் 'தீபம்'. எழுதிக்கோங்க."

தலைகள் குனிந்தன.

(நான் படிக்கிற நாவல்களில் இப்படி ஓர் இடத்தில் பனி பெய்யத் தொடங்கும். வெளியே செங்கம் ரோட்டில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான்.)

5

சாப்பாட்டு நேரத்தில் மேடை ஓரமாக அவர்கள் இரண்டு பேரும் நின்று பேசினார்கள். நான் கீழே உட்கார்ந்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வயர் சுருட்டுகிறவளுக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

"என்னம்மா, மூஞ்சியே வாடிப் போச்சு? உங்க பேரைத்தான் மறைச்சு வெச்சிருந்தேனே. அந்தப் பொண்ணு சொதப்பிடுச்சு."

"என் பேரை மறைச்சீங்க சார். கூடவே அவர் பேரையும் மறைச்சீங்க."

"பாதிக்கப்பட்ட நபரோட பிரைவசிம்மா அது."

"அன்னிக்கு மெயில் போட்டப்ப என்ன சார் சொன்னீங்க?"

"இதையெல்லாம் எழுதாதீங்க, போன் பண்ணுங்கன்னேன். இன்னிக்கும் அதான் சொல்றேன். நான் மாறவே இல்ல பாருங்க." சிரித்தார். "வியாழக்கிழமை அந்த நஷ்டஈட்டு விசாரணைக்கு நம்ம பதில் ரெடியா?"

"ரெடி சார்."

"'நிர்வாகத்துக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது'ன்ற பாரா?"

"இருக்கு சார்."

"யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

"இதான் நல்ல எழுத்து. வாங்க வாங்க, தயிர்சாதம் தீந்துடப் போவுது."

இந்த இடத்தில் பேனாவைத் தூக்கி எறிந்தேன். நிஜமாகவே எறிந்தேன், நிப்பு வளைந்துவிட்டது. ஐந்து பக்கமாக நான் வளர்த்துக்கொண்டு வந்த பெண் இவள். மார்ச் மூன்றாம் தேதி அந்த மெயிலை எழுதிய அதே பத்து விரல்தான் இந்தப் பதிலையும் எழுதியிருக்கிறது. முருகையனிடம் இப்போது ஐந்துதான் இருக்கிறது.

அவளுக்கும் குடும்பம் இருக்கும், பயம் இருக்கும், அதை ஒரு பத்தியில் எழுது என்று எனக்குள் ஒரு குரல் சொல்கிறது. நல்ல எழுத்தாளர்கள் அதைச் செய்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. பயம் எல்லோருக்கும்தான் இருக்கிறது. மூடி இல்லாத கன்வேயர் முன்னால் தினமும் நின்றவனுக்கு இல்லாத பயமா? அவன் மூன்று முறை வாய் திறந்து சொன்னான். சொன்னது ஒருத்தி கையால் எழுத்தாகவும் ஆனது. அந்த எழுத்தை இப்போது, எழுதக் கூடாததற்கு மாதிரியாக, தயிர்சாதத்துக்கு முன்னால் பாடம் நடத்துகிறார்கள். படித்தவர்கள். இரண்டிரண்டு பட்டம் வாங்கியவர்கள்.

6

ஒரு பிரதியில் ஜோதியம்மாளை அந்த ஹாலில் காபி கொடுக்கிறவளாக வைத்தேன். ஜோதியம்மாள், முருகையனின் மனைவி. கவிநிலாவுக்கு டம்ளர் நீட்டும்போது திரையில் புருஷன் பெயர் தெரிகிறது, காபி கொட்டுகிறது. எழுதி முடித்து எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்புறம் அடித்துவிட்டேன். ஜோதியம்மாள் அங்கே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அவள் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் மனுநாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் என்னோடு ஒரே பஸ்ஸில்தான் வந்தாள்.

"ஆதாரம் எதுனா இருந்தா மனுவோட சேத்துக் குடும்மான்றாங்க," என்றாள். "கையி இல்லாததுதான் ஆதாரம் தென்றலு. அத எப்டி மனுவுல பின் அடிக்கிறது?"

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவள் வேங்கிக்கால் பஸ்ஸுக்குப் போனாள். நான் செங்கம் ரோட்டுக்கு வந்தேன்.

7

முடிவு அ: மதிய வகுப்பில் கவிநிலா எழுந்து, "அந்த மெயில் நான் எழுதியது. அது சரியான மெயில்," என்கிறாள். இருபத்தொரு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இப்படி நடந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் நாவலைப் படித்திருப்பேன்.

முடிவு ஆ: கவிநிலா ஆட்டோ பிடித்து வேங்கிக்காலுக்குப் போகிறாள். வரிசையில் ஜோதியம்மாளைக் கண்டுபிடித்து, "அக்கா, நான்

நடந்தது இது. சாயங்காலம் படிவங்களை வாங்கி அடுக்குகிற வேலையும் என் தலையில். கவிநிலாவின் படிவத்தில் முதல் கட்டத்தில் கற்பூரம். இரண்டாவதில் தேர். மூன்றாவதில் நீல மையில், அழுத்தமாக: *முருகையன், மார்ச் 3.* கீழே முழுக் கையெழுத்து.

பரசுராமன் புரட்டிக்கொண்டே வந்து அதில் நின்றார்.

"என்னம்மா இது? தப்பா எழுதியிருக்கீங்க. வேற ஃபாரம் தரச் சொல்றேன்."

"தப்பில்ல சார்."

"இந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வராதும்மா."

"வர வேணாம் சார்."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடுதான் கிரிவலம் போயிருப்பார். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில், நெஞ்சுக்கு நேராக முருகையனை வைத்துக்கொண்டு. புண்ணியம்தான்.

ஹால் காலியானதும் கவிநிலா என் மேஜைக்கு வந்தாள்.

"அந்த ஃபைல் இன்னும் உன் லேப்டாப்ல இருக்கா?"

"இருக்குதுங்க மேடம். காப்பி பண்ணித்தான் ஓட்டுனேன்."

"கறுப்புக் கட்டம்?"

"ரெண்டாவது தட்டுக்குத்தான் வரும்."

"எந்த ஊரு நீ?"

"கீழ்பென்னாத்தூருங்க."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அழி என்று சொல்வாள் என நினைத்தேன். வைத்துக்கொள் என்று சொல்வாள் எனவும் நினைத்தேன். வெளியே வேன் ஹாரன் அடித்தது. தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளிடமும் அதே மெயில் இருக்கிறது. அவள் சட்டம் படித்தவள். ஆனால் எழுதவில்லை, போன் செய்யவில்லை. நேரில் வந்து, அந்த வேலையை என் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறாள்.

8

இன்று புதன்கிழமை. பாஷா அண்ணனிடம் சொன்னேன்.

"அழிச்சிடு தென்றலு. அடுத்த மாசமும் அவங்கதான் ஹால் புக் பண்ணிக்கிறாங்க. உனுக்குப் படிப்பு ஜாஸ்தி, பயம் கம்மி. அதான் பிரச்சனை."

பயம் கம்மி இல்லை அண்ணா. கம்மியாக இருந்திருந்தால் ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கவிநிலா என் காதில் போட்டதை நான் உங்கள் காதில் போடுகிறேன் என்று இதைப் படிக்கிற நீங்கள் சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு வித்தியாசம். நான் எழுதிவிட்டேன். பேரு, தேதி, இடம். நானே பார்த்தேன்.

நாளைக் காலை ஏழு பத்து பஸ்ஸில் ஜோதியம்மாள் முருகையனை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்கள் சீட்டில் தன் பக்கத்தில் எனக்கென்று பையை வைத்திருப்பாள். நான் உட்கார்ந்ததும் கேட்பாள்: "திங்கக்கெழம என்னா கூட்டம் தென்றலு, அந்த ஹோட்டல்ல?"

என் பையில் பென் டிரைவ் இருக்கும்.

அடுத்த வரியை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், ஆனால் இரண்டாவது தடவை தட்டாதீர்கள்.